மறுப்பது நோயாளியா, நோயா?

2021 ஜனவரியில், அப்போது சித்தூர் மாவட்டத்தில் இருந்த மதனப்பள்ளியில், இரண்டு இளம்பெண்கள் சொந்த வீட்டுக்குள்ளேயே கொல்லப்பட்டார்கள். பெற்றோர் கைதானார்கள். கொரோனா பரிசோதனைக்கு அழைத்துப் போனபோது தாய் மறுத்தார். தானே சிவன், கொரோனா சீனாவிலிருந்து வரவில்லை, தன் உடலிலிருந்தே பிறந்தது என்று அவர் சொன்னதாகச் செய்திகள் வந்தன. அந்தக் காட்சி தொலைக்காட்சியில் ஓடியது. கைபேசிகளில் கேலியாகவும் பரவியது. திருப்பதி ரூயா மருத்துவமனையில் மனநல மருத்துவர்கள் பார்த்தபின், இருவரும் விசாகப்பட்டினம் அரசு மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார்கள். கொலையைப் பற்றி நாடே பேசியது. அந்த மறுப்பைப் பற்றி நின்று யோசித்தவர்கள் குறைவு.

யோசிக்கத்தான் வேண்டும். தீவிர மனநோயின் பிடியில் இருப்பவர் தம் உடம்பில் நோயே இல்லை என்றால், அந்தச் சொல்லுக்கு மற்றவர்கள் கட்டுப்பட வேண்டுமா? வேண்டியதில்லை. தெளிந்த மனம் சொல்லும் மறுப்புக்குத் தலைவணங்குவது கடமை. பிரமை சொல்லும் மறுப்பைச் சாக்காக வைத்து ஓர் உடம்பை அழியவிடுவது பாவம்.

திருப்பதி போன்ற கோயில் நகரங்களின் பேருந்து நிலையங்களில், வீட்டை விட்டு வந்தவர்களையும் வீட்டார் விட்டுப் போனவர்களையும் காணலாம். அப்படி ஒருவரின் காலில் அழுக்குத் துணி சுற்றியிருக்கும். துணிக்குள் சர்க்கரைப் புண். பாதம் கறுத்து, ஈ மொய்க்கும். கேட்டால், “எனக்கு என்ன? நல்லாத்தானே இருக்கேன்” என்பார். யாரோ இரக்கப்பட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தாலும் ஊசியைக் கண்டதும் எழுந்துவிடுவார். “ஒத்துழைக்கவில்லை, மறுத்துவிட்டார்” என்று கேஸ் ஷீட்டில் ஒரு வரி விழும். அந்த வரியோடு எல்லோருடைய பொறுப்பும் முடிந்துவிடுகிறது.

அந்த மறுப்பு எங்கிருந்து வருகிறது? மனச்சிதைவு நோயில் வலியுணர்வு மங்கிவிடுவதுண்டு. ஜெர்மன் மருத்துவர் கிரேப்பலின் நூறாண்டுக்கு முன்பே இதைக் குறித்திருக்கிறார். குடல் அழுகினாலும் மாரடைப்பே வந்தாலும் முனகாதவர்கள் உண்டு. சிலருக்கு மாத்திரை விஷமாகத் தெரிகிறது. சிலருக்குத் தம் உடம்பே தெய்வ உடம்பு; தெய்வத்துக்கு ஏது காய்ச்சல்? வேறு சிலர் உண்மையாகவே நெஞ்சு வலிக்கிறது என்று சொல்வார்கள். அதையும் மனநோயின் புலம்பல் என்று தள்ளிவிடுகிறோம். அவர் மறுத்தால் நம்புகிறோம், முறையிட்டால் நம்புவதில்லை. இரண்டிலும் லாபம் நமக்கே.

இதற்கு விலை உண்டு. தீவிர மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிடப் பத்து முதல் இருபது ஆண்டுகள் முன்னதாகவே இறக்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தற்கொலை மட்டும் காரணமன்று. பெரும்பகுதி இதயநோய், சர்க்கரை, தொற்று போன்ற உடல்நோய்களால்தான். ஒலான்சபின், க்ளோசபின் போன்ற மனநோய் மருந்துகளே எடையையும் சர்க்கரையையும் ஏற்றக்கூடியவை. நாம் கொடுக்கும் மருந்து வரவழைக்கும் நோயைக் கண்காணிக்காமல், நோயாளி வேண்டாம் என்றார் என்பது எந்த ஊர் நியாயம்?

நம் முன்னோர் இதில் தெளிவாக இருந்தார்கள். மருத்துவத்துக்கு நான்கு கூறுகள் சொன்ன வள்ளுவர், நோயாளி, மருத்துவர், மருந்து என்பவற்றோடு நிறுத்தவில்லை. அருகிருந்து பணிசெய்பவரையும் சேர்த்தார். சரக சம்ஹிதையும் இந்த நான்கையே மருத்துவத்தின் நான்கு கால்களாகச் சொல்கிறது. நோயாளியாகிய கால் தடுமாறும்போது மற்ற மூன்றும் சேர்ந்து தாங்குவதே முறை. உடம்பைப் பேணுவதே உயிரைப் பேணுவது என்றார் திருமூலர். சிலப்பதிகாரத்துப் புகாரில் நெடுங்கல் நின்ற மன்றம் ஒன்று உண்டு. சித்தம் கலங்கியவரும், நஞ்சு உண்டவரும், பாம்பு கடித்தவரும் துயர் தீர வந்து வலம்வந்த இடம் அது ஒன்றே. மனத்துக்கு ஒரு வாசல், உடம்புக்கு வேறு வாசல் என்று இளங்கோ பிரிக்கவில்லை.

சட்டமும் பிரிக்கவில்லை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 21-ஆம் பிரிவில், மனநோயாளிக்கும் உடல்நோயாளிக்கும் மருத்துவ சேவையில் சமநிலை கேட்கிறது. உயிருக்கு ஆபத்தோ மீளாத கேடோ நேரும் அவசரத்தில், நியமிக்கப்பட்ட பிரதிநிதி இருந்தால் அவர் சம்மதத்தோடு, பதிவுபெற்ற எந்த மருத்துவரும் சிகிச்சை தரலாம் என்கிறது 94-ஆம் பிரிவு. வரம்பு 72 மணி நேரம். சர்க்கரைக்கும் காசத்துக்கும் 72 மணி நேரம் போதாது. அங்கே வேண்டியது பொறுமை. மதனப்பள்ளியை அடுத்த ஆரோக்கியவரத்தில் 1915-இல் காசநோய் சானடோரியம் தொடங்கியபோது, அந்நோயைக் கொல்லும் மருந்தே கிடையாது. மாதக்கணக்கில் நோயாளியை வைத்துப் பராமரித்தார்கள். அந்த மண்ணுக்குப் பொறுமை புதிதல்ல.

கட்டாயத்துக்கு அஞ்சுவோர் சொல்வதிலும் நியாயம் உண்டு. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகள் 28 பேர் சங்கிலியோடு எரிந்ததை மறக்க முடியாது. மனநோய் என்பதாலேயே ஒருவர் முடிவெடுக்கும் திறனை இழந்தவர் ஆகமாட்டார் என்பதும் சட்டம் சொல்வதே. ஆனால் சங்கிலி வேண்டாம் என்பதற்குக் கைவிட வேண்டும் என்று பொருள் இல்லை. உறக்கத்தில் நடந்து கிணற்றோரம் வந்தவரிடம் சம்மதம் கேட்டு யாரும் நிற்பதில்லை. கையைப் பிடித்து நிறுத்திவிட்டுத்தான் எழுப்புகிறோம்.

செய்ய வேண்டியவை தெரிந்தவைதான். முதலில் மனநோய்க்கு மருந்து; தெளிவு திரும்பும் ஒவ்வொரு நாளும் மறுபடி கேட்பது. மனநல வார்டிலேயே ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பது. வீட்டாரை உடன் வைத்துக்கொள்வது. சித்தூரிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில், வேலூர் பாகாயத்தில், சி.எம்.சி. மனநல மையம் குடும்பத்தாரை நோயாளியோடு தங்கவைத்து நெடுங்காலமாக இதைச் செய்கிறது.

வீட்டாரே, “அவரே ஒண்ணுமில்லைங்கிறார்” என்று சொல்லிக் கைகழுவாதீர்கள். மருத்துவர்களே, மறுத்துவிட்டார் என்று எழுதுமுன் ஏன் மறுத்தார் என்று எழுதுங்கள். மறுநாளும் போய்க் கேளுங்கள். ஏழுமலையானைத் தேடி வரும் கோடிப் பேரில், தமக்கு நோவு என்று சொல்லத் தெரியாத ஒருவரைக் கண்டால், அவருக்காக அதைச் சொல்லும் வாய் நம்முடையதாக இருக்கட்டும். அதைவிடப் பெரிய வழிபாடு இல்லை.