மங்கிய மஞ்சள்

ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் ஐம்பதைக் கடந்தவர்; சென்னை அரசு ஓவியக் கல்லூரியின் முதல்வர். 1963இல், கைவந்த பாணியை விடுத்து, எழுத்துகளும் குறிகளும் நிறைந்த புதுவழியில் வரையத் தொடங்கினார். மாணவன் ஒருவனின் கணக்கேட்டுப் பக்கமே அதற்கு வித்திட்டது என்பர். கற்பிப்பவன் மாணவர் காணத் தடுமாறலாமா?

ஜொகூரில் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியனாகிய நானும் மாலைதோறும் மஞ்சளில் சுண்ணாம்பு குழைத்து வரைந்து பார்க்கிறேன். அந்த ஆரத்திச் செம்மை தாளில் நிற்பதில்லை. வெயில் பட்டால் மஞ்சளும் வெளுத்துவிடுகிறது. அடுப்புக்கரியோ, கைபட்டால் கலைந்தாலும், வெளுப்பதில்லை. மங்கிய தாள்களை நெடுநாள் மறைத்தே வைத்திருந்தேன். பிள்ளைகள் அடித்தெழுதிய வரிகளைச் சிவப்பு மையால் சுழித்த கை அல்லவா இது! சென்ற வாரம் அவற்றை வகுப்புச் சுவரில் ஒட்டினேன். ஒரு சிறுமி அருகில் வந்து பார்த்தாள்.

"ஐயா, அடுத்து எதைக் கலக்கப் போகிறீர்கள்?"