பாப்புலர் செகரெட்டரி

எங்கள் அபார்ட்மென்ட்டுக்கு இரண்டு வருடம் நான்தான் செகரெட்டரி. செம பாப்புலர்! காரணம் ரொம்ப சிம்பிள். மெயின்டனன்ஸை ஒரு ரூபாய்கூட ஏற்றவில்லை.

அடுத்து வந்தவர் ரிட்டயர்டு பேங்க் அதிகாரி. முதல் மாதமே தண்ணீர்த் தொட்டியைத் திறந்து பார்த்தார். அடியில் சேறு, சுவரில் விரிசல். மோட்டார் எப்போது வேண்டுமானாலும் உயிரை விடும் நிலை. மாதத்துக்கு ஐந்நூறு ரூபாய் ஏற்றினார். அன்றிலிருந்து மனுஷருக்கு 'குட்மார்னிங்' சொல்ல ஆளில்லை.

'பாப்புலர்' என்ற வார்த்தையின் பூர்வீகத்தைப் புரட்டிப் பார்த்தேன். லத்தீனில் அதற்கு 'மக்களுடைய' என்றுதான் பொருள். ரோமானியச் சட்டத்தில் 'பாப்புலர் வழக்கு' என்றே ஒன்று இருந்தது. தெருவில் போகிறவர் தலையில் விழுகிற மாதிரி மாடியில் எதையாவது வைத்திருக்கிறீர்களா? அடிபடாத ஆள்கூட உங்கள் மேல் வழக்குப் போடலாம்! ஆங்கிலத்துக்கு வந்த பிறகு 'மட்டமான' என்றுகூட ஒரு அர்த்தம் இருந்தது. 'எல்லோருக்கும் பிடித்த' என்பது பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது. தமிழில் நாம் உஷார். வெகுஜனம் வேறு, ஜனரஞ்சகம் வேறு, பிரபலம் வேறு.

மக்களுக்கானதும் மக்களுக்குப் பிடித்ததும் மோதிக்கொண்டால்? 1882-ல் இப்சன் எழுதிய 'மக்கள் விரோதி' நாடகம் அதைத்தான் கேட்கிறது. ஊருக்கே வருமானம் தருகிற குளியல் நிலையத்தின் தண்ணீரில் நோய்க்கிருமி என்கிறார் ஒரு டாக்டர். மேயராக இருக்கும் சொந்த அண்ணனே எதிர்க்கிறார். ஓட்டெடுப்பில் ஒரு குடிகாரரைத் தவிர மொத்தக் கூட்டமும் டாக்டருக்கு எதிராக! சத்யஜித் ரே இதை 1989-ல் 'கணசத்ரு' என்று படமாக்கினார். அங்கே அது கோயில் தீர்த்தம்.

படம் பார்த்தபோது எனக்கு டாக்டர் ஞாபகத்துக்கு வரவில்லை. அந்த மேயர்தான் வந்தார். நான் பி.காம். படித்தவன். தேய்மானம் என்றால் என்னவென்று தெரியாதா? மோட்டாருக்கு வயசாகிறது, பணம் சேர்க்க வேண்டும் என்று நன்றாகத் தெரியும். கேட்டால் முகம் சுளிப்பார்களே என்றுதான் கேட்கவில்லை.

அதற்காகத் திட்டு வாங்குகிறவரெல்லாம் உத்தமர் என்று சொல்ல வரவில்லை. எனக்கு முன்னால் இருந்த செகரெட்டரியும்தான் திட்டு வாங்கினார். கணக்கே காட்டாமல்!

தொட்டியைச் சரிசெய்து, புது மோட்டாரும் போட்டாகிவிட்டது. நேற்று லிஃப்ட்டில் மூன்றாவது மாடி மாமி சொன்னார், "நீங்க இருந்தப்ப எவ்ளோ நல்லா இருந்துது சார்!"

பக்கத்தில் அந்த பேங்க் மனுஷர் நின்றுகொண்டிருந்தார். நான் அப்போதும் சிரித்துத்தான் வைத்தேன்.