ஊரார் வீட்டு நெய்

ஒரு டாலர் நாணயங்களை மக்களிடையே புழங்கச் செய்ய விழைந்த அமெரிக்க நாணயச்சாலை, 2008ஆம் ஆண்டில் அவற்றை முகமதிப்புக்கே விற்கத் தொடங்கியது. அஞ்சற்செலவையும் தானே ஏற்றது. கடன் அட்டையால் வாங்கவும் இசைந்தது. மதிநுட்பம் வாய்ந்த சிலர் பெட்டி பெட்டியாக நாணயங்களை வரவழைத்தனர். அவற்றை அப்படியே வங்கியில் செலுத்தினர். அப்பணத்தைக் கொண்டே அட்டைக் கடனைத் தீர்த்தனர். கைப்பொருள் ஒரு காசும் குறையவில்லை. விமானப் பயணப் புள்ளிகளோ மலையெனக் குவிந்தன. 2011இல் நாணயச்சாலை அட்டைவழி விற்பனையை நிறுத்தியது.

இது களவாகுமா? அவர்கள் பொய் கூறவில்லை. எழுதப்பட்ட விதி எதனையும் மீறவில்லை. விதி எந்நோக்கத்திற்காக வகுக்கப்பட்டதோ அந்நோக்கத்தைப் புறக்கணித்தனர், அவ்வளவே. கதவை அடைத்தது நாணயச்சாலையே என்பது கருதத்தக்கது. அட்டைக் கட்டணமும் அஞ்சற்செலவும் அதன் தலையில் அன்றோ விழுந்தன! அட்டை வழங்கிய வங்கிக்கோ ஒவ்வொரு விற்பனையிலும் கட்டணம் கிடைத்தது.

வங்கி தானே இழப்பை ஏற்கும் இடத்திலும் இப்பொறுமையைக் காணலாம். 2016இல் சேஸ் வங்கி தன் புதிய அட்டைக்கு 100,000 புள்ளிகளை வரவேற்புப் பரிசாக வழங்கியது. பரிசுக்காகவே அட்டை பெறுவோர் உண்டென்பதை அது அறியாததன்று. 24 மாதங்களில் 5 அட்டைகள் பெற்றவர்க்குப் புது அட்டையை மறுக்கும் வழக்கமும் அதனிடம் இருந்தது. ஆயினும் கூட்டம் திரண்டது. அக்காலாண்டின் இலாபத்தில் 20 கோடி முதல் 30 கோடி டாலர் குறையுமென அறிவித்த அதன் தலைவர் ஜேமி டைமன், அது 40 கோடியாக இருந்திருக்கலாகாதா என்னும் பொருள்படவே பேசினார். வந்தவருள் பெரும்பாலோர் தங்கிவிடுவர், செலவழிப்பர், சிலர் கடனிலும் வீழ்வர் என்பது வணிகக் கணக்கு. புள்ளி வேட்டையாடுவோர் சிலரை வடிகட்டப் புகுந்தால் நல்ல வாடிக்கையாளரும் வாயிலிலேயே திரும்பிவிடக் கூடும். 2017இல் பரிசு பாதியாயிற்று.

ஆகவே வங்கி ஏமாந்தது என்பது பொருந்தாது. திங்கள்தோறும் கணக்கைத் தீர்ப்பவர் பெறும் பரிசை, தீர்க்க இயலாதவரின் வட்டியும் வணிகர் பொருளின் விலையில் ஏற்றும் கட்டணமும் சேர்ந்தே தாங்குகின்றன. அமெரிக்காவில் இவ்வகையில் கல்வி குறைந்தோரிடமிருந்து மிகுந்தோர்க்கும், எளியோரிடமிருந்து செல்வர்க்கும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 1,500 கோடி டாலர் பெயர்வதாக 2023இல் வெளியான ஓர் ஆய்வுரை மதிப்பிட்டது. வங்கியை வென்றதாக மகிழ்வோர், வட்டி கட்டிய அம்மனிதரை ஒருநாளும் சந்திப்பதில்லை. அவரும் தம் பணம் எவருடைய விமான இருக்கைக்குச் சென்றதென அறியார்.