புலித்தோல் போர்த்திய ஈ

பெடாஸில் எங்கள் தோட்டத்துச் செம்பனை ஓரமாக டர்னேரா என்ற வெள்ளைப் பூச்செடி நட்டிருக்கிறார்கள். ஓலையைத் தின்னும் புழுக்களை ஒழிக்கிற குளவிகள் தேனுக்கு வரட்டும் என்றுதான். காலையில் விரியும், மதியத்துக்குள் சுருங்கிவிடும். போன செமஸ்டர் விடுமுறையில் அங்கே நின்றபோது, மஞ்சள் கறுப்புப் பட்டையோடு ஒன்று என் மூக்குக்கு நேரே அந்தரத்தில் அசையாமல் நின்றது. பதறிப் பின்வாங்கினேன். பாட்டி சிரித்தார். "அது ஈடா, கொட்டாது."

ஹோவர்ஃபிளை. தேனீக்கு நான்கு இறக்கை, இதற்கு இரண்டே. கொடுக்கு கிடையாது. ஐரோப்பியக் காடுகளில் உளுத்த மரத்துக்குள் வளரும் கிரியோரைனா என்ற வகைக்கு உடம்பெல்லாம் ரோமம், அசல் பம்பிள் பீ மாதிரியே! வொலுசெல்லா பொம்பைலன்ஸ் என்பதில் ஒரே இனத்துக்குள்ளேயே பல வேடங்கள். ஒவ்வொன்றும் ஒரு பம்பிள் பீயைப் பார்த்து. அமேசான் காட்டில் 11 ஆண்டுகள் திரிந்த பேட்ஸ், இந்த வேடத்தின் கணக்கை 1862-இல் விளக்கினார்.

இது பொய்யா? வள்ளுவர் கூடா ஒழுக்கத்தில், 273-ஆம் குறளில், புலித்தோல் போர்த்திப் பயிர் மேயும் பசுவைக் காட்டுகிறார். ஆனால் பசு ஊரான் பயிரை மேய்கிறது. ஈ தன் உயிரைத்தானே காக்கிறது? அதோடு அது வேடத்தைத் தேர்ந்தெடுக்கவும் இல்லை. தேனீ மாதிரி இல்லாததையெல்லாம் பறவைகள் தின்று தீர்த்தன, மிச்சம் இது. ஈயின் மேல் குற்றமில்லை என்று விட்டுவிட்டேன்.

விட முடியாதது என் விஷயம். எஃகுப் பட்டையில் எடை தொங்கவிட்டு, அது எவ்வளவு வளைகிறது என்று டயல் கேஜில் பார்க்கும் லேப் அது. பாதியில் கிளம்பிவிட்டேன். மீதி எண்களைச் சூத்திரத்தில் போட்டு அறையிலேயே எழுதினேன். எல்லாரும் செய்றதுதானே?

பேட்ஸ் சொன்ன கணக்கு இங்கேதான் உறுத்துகிறது. பறவை ஒருமுறையாவது நிஜத் தேனீயிடம் கொட்டு வாங்கினால்தான் பட்டைக்குப் பயப்படும். வேடக்காரர்கள் பெருகினால்? பறவை தைரியமாகக் கொத்தும். அப்போது கொடுக்கு உள்ள தேனீயும் சேர்ந்து சாகும். ஈயின் வேடத்துக்கும் யாரோ விலை கொடுக்கிறார்கள், நான் முதலில் நினைத்த மாதிரி இல்லை.

என் நண்பன் அன்று மாலை வரை நின்று ஒவ்வோர் எடையாகப் போட்டான். அவன் வரைபடம் கொஞ்சம் கோணல், மதிப்பெண்ணும் குறைவு. என்னுடையதை விரிவுரையாளர் வகுப்பில் தூக்கிக் காட்டினார்.

விடுமுறை முடிந்து திரும்பியதும் அவனிடம் சொன்னேன். தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னான்: "தெரியும்டா. நெசமா அளந்தா கோடு அவ்ளோ நேரா வராது." விரிவுரையாளரிடம் இன்னும் சொல்லவில்லை. அவர் அறைக்கதவு வரை ரெண்டு தடவை போயிருக்கேன்.