பெரட்டுக்குப் பின் ஆளில்லை

1854இல் இலங்கையின் கண்டி மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களில் தமிழ்க் கூலி மிஷன் தொடங்கியபோது, ஊழியத்துக்குத் திருநெல்வேலியிலிருந்து உபதேசியார்கள் வந்தார்கள். பனங்காட்டு வெயிலில் வளர்ந்த ஓர் இளைஞருக்கு ஹேவாஹெட்டப் பக்கத்துக் குளிர் முதல் வாரங்களில் எப்படி இருந்திருக்கும்! மூடுபனி, கால்விரல் இடுக்கில் அட்டை, ஒழுகும் லயம் என்ற வரிசை வீடு. பேச்சு என்னவோ தமிழ்தான். ஆனால் தோட்டத்தில் வேலை செய்த திருச்சி, சேலம் பக்கத்து ஆட்களுக்கு நெல்லைத் தமிழே வேடிக்கை. விடியலில் பெரட்டுக்கு, அதாவது ஆள்கணக்கெடுப்புக்கு, தப்புப் பறை அடித்துவிட்டால் லயத்தில் ஆளிருக்காது. அந்தியில் திரும்புகிறவர்களோ பசியும் அசதியுமாக வருவார்கள். பாதிரிமார் பெயர்களை ஏடுகள் காத்துவைத்தன. இந்த உபதேசியார்களில் எத்தனை பேரை நமக்குத் தெரியும்? வேதப்புத்தகத்தைத் திறக்குமுன், அடுப்பு வெளிச்சத்தில் யாருக்கோ ஊரிலிருந்து வந்த கடுதாசியைத்தான் அந்த இளைஞர் வாசித்துக் காட்டியிருப்பார்.