எச்சரித்தால் கடமை தீருமா?

அபாயத்தை முன்னறிந்தவன் அதனைப் பிறர்க்கு அறிவித்துவிட்டால், அவன் கடமை தீர்ந்துவிடுமா? இக்கேள்வியை ஆற்றங்கரையில் நின்று ஆராய்வோமாக.

மலேசியாவில் நீர்ப்பாசன, வடிகால் இலாகா ஆற்று நீர்மட்டத்தை நான்கு நிலைகளாகப் பகுத்துள்ளது: சாதாரணம், விழிப்பு, எச்சரிக்கை, அபாயம். காலாஸ், லெபிர் என்னும் இரு நதிகள் கூடிக் கிளந்தான் ஆறாகும் இடத்தருகே குவாலா கிராய் நகரம் இருக்கின்றது. அங்குள்ள தங்கா கிராய் அளவு நிலையத்தில் 25 மீட்டரே அபாய நிலை. 2014 டிசம்பரில் நீர் 34 மீட்டருக்கும் மேல் ஏறிற்று. லெபிர்க் கரையிலுள்ள மானேக் ஊராய் கிராமத்தில் வீடுகள் பெயர்ந்து போயின. அப்பெருவெள்ளத்தில் நாடெங்கும் 200,000 பேருக்கு மேல் வீடு துறந்து வெளியேறினர்.

இதனை விதி என்பாரும் உளர். ஆனால் 1967ஆம் ஆண்டிலேயே அவ்விடத்தில் நீர் 33 மீட்டரைக் கடந்ததென்பது பதிவாகியுள்ளது. ஒருமுறை வந்தது மறுமுறையும் வரக்கூடுமென அறியச் சோதிடம் வேண்டுவதில்லை. காடழிந்த சரிவில் மழைநீர் தங்காது விரைந்தோடும்; அரித்துச் செல்லும் மண் ஆற்றடியை மேடாக்கும். மனிதன் செய்ததற்கு விதியின் மீது பழி சுமத்துதல் தகுமோ?

தோட்டத்துப் பெரட்டில் பேர் பதிந்து எண்களோடு காலங்கழிக்கும் நாம் ஒன்றை அறிவோம். எண் எல்லோர்க்கும் ஒன்றே. அதன் சுமை ஒன்றன்று. மேட்டுப் பங்களாவில் இருப்பவர்க்கு ஆற்றின் மட்டம் ஒரு செய்தி. பள்ளத்து வீட்டில் இருப்பவர்க்கோ அது அரிசி மூட்டை, ஆடு மாடு, பிள்ளையின் பாடப்புத்தகம், நாளைய கூலி ஆகிய அனைத்துமாகும்.

“எச்சரித்தும் அவர்கள் நகரவில்லையே!” என்று குறை கூறுவர். கேட்பவனுக்கும் கடமை உண்டென்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும், செய்ய இயன்றதையே கடமையென்று ஒருவன்மேல் சுமத்தலாம். வண்டியும் படகும் தங்குமிடமும் இல்லாதவனை நோக்கி “ஓடு” என்பது எச்சரிக்கையாகாது. பின்னாளில் தன்மேல் பழி வாராது காத்துக்கொள்ளும் தந்திரமேயாகும்.

ஆதலின் ஒவ்வொரு நிலைக்கும் ஒரு செயல் உரியதாதல் வேண்டும். விழிப்பு நிலையில் படகும் உணவும் ஆயத்தமாகட்டும். எச்சரிக்கை நிலையில் முதியோரும் நோயாளரும் குழந்தைகளும் மேட்டிற்கு அழைத்துச் செல்லப்படட்டும். அபாய நிலை எட்டும்போது கரையோரத்தில் ஒருவரும் எஞ்சியிருத்தல் கூடாது. அறிந்தவரும் ஆள்பவரும் இத்தனையும் செய்து முடித்த பின்னரே “எங்கள் கடமை தீர்ந்தது” என்று சொல்லத் தகுதி பெறுவர். அதுவரை அச்சொல்லை ஏற்காதிருப்பது நம் அனைவரின் கடமையாகும்.