ஓடும் ஆற்றங்கரையிலும்



ஸஅது இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்கள் ஒளூச் செய்துகொண்டிருக்கையில் அண்ணல் நாயகம் (ஸல்) அவர்கள் அவ்வழியே வந்தார்கள். தண்ணீர் அளவுக்கு மீறிச் செலவாவதைக் கண்டு, இது என்ன விரயம் என வினவினார்கள். ஒளூவிலும் விரயமுண்டா என்று ஸஅது (ரலி) கேட்க, ஓடும் ஆற்றங்கரையில் அமர்ந்து செய்தாலும் உண்டு என விடை பகர்ந்தார்கள். இப்னு மாஜாவில் உள்ள இந்த ஹதீதின் தொடரில் பலவீனம் உண்டென்பாரும் உளர். ஆயினும் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு ‘முத்’ அளவுத் தண்ணீரில் ஒளூச் செய்தார்கள் என்பது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. ‘முத்’ என்பது இரு கைகளையும் சேர்த்து ஏந்தினால் கொள்ளும் அளவு. ஷாஃபிஈ கணக்கில் முக்கால் லிட்டருக்கும் குறைவு.

நம் பள்ளிவாசல் குழாயடியைச் சற்றே பாருங்கள். குழாயைத் திறந்துவிட்டுச் சட்டைக்கை மடிக்கிறவர் ஒருவர். பக்கத்திலிருப்பவரிடம் சம்பந்தம் பேசுகிறவர் ஒருவர். பழைய ஹவ்ளில் கையால் அள்ளியதுதான் செலவு. குழாயிலோ, முகத்தில் படுவதைவிடச் சாக்கடைக்குப் போவதே அதிகம்.

இது வெறும் அழகுக் குறைவு என்று எண்ணிவிடாதீர்கள். மூன்று முறைக்கு மேல் கழுவுவது மக்ரூஹ் என்று நாம் அறிவோம். சுத்தம் செய்வதற்கென வக்ஃபு செய்யப்பட்ட தண்ணீரில் அப்படி அதிகப்படுத்துவது ஹராம் என்றே பொன்னானி ஜைனுத்தீன் மக்தூம் (ரஹ்) அவர்களின் ஃபத்ஹுல் முயீன் சட்டம் சொல்கிறது. நம் மதரஸாக்களில் ஓதிக்கொடுக்கப்படும் கிதாபுதான் அது!

அந்தத் தண்ணீரை மேல்தொட்டிக்கு ஏற்றுவது மோட்டார். மோட்டாரை ஓட்டுவது மின்சாரம். நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பகுதி இன்றும் நிலக்கரியை எரித்தே வருகிறது. எரிகிற கரியின் சூட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. எஞ்சியது வெப்பமாய்ப் போகிறது, புகையும் சாம்பலும் அனல்நிலையத்தின் அக்கம்பக்கத்தார் தலையில் விழுகின்றன. ஆகவே சும்மா ஓடும் குழாய் எங்கோ ஒருவர் மூச்சையும் தொடுகிறது.

“கூரையில் சூரியத் தகடு பதித்துவிட்டால் கரண்டு இலவசம்தானே, விசிறி ஓடினால் என்ன?” என்பார்கள். ஓடும் ஆற்றைப் பற்றிய விடை இவர்களுக்கும் உரியது. தாராளமாய்க் கிடைப்பது விரயத்துக்கு அனுமதியாகாது. மேலும், தகடு பகலில்தான் வேலை செய்யும்; இஷாவுக்கும் சுபுஹுக்கும் மின்கம்பியையோ பேட்டரியையோதான் நாடவேண்டும்.

மொராக்கோ அரசு 2014இல் 600 பள்ளிவாசல்களை நோக்கமாக வைத்துத் தொடங்கிய திட்டத்தில் தகடு மட்டுமா வைத்தார்கள்? குறைந்த மின்சாரத்தில் எரியும் விளக்குகளும் இருந்தன. ஜகார்த்தாவின் இஸ்திக்லால் பள்ளிவாசல் கூரையில் 500க்கு மேற்பட்ட தகடுகள் உள்ளன. அங்கே ஒளூக் குழாய்களில் தண்ணீர் மெல்லவே வருகிறது. செலவான தண்ணீர் சுத்திகரிக்கப்பட்டு மீண்டும் பயன்படுகிறது. இத்தனையும் சேர்ந்துதான், 2022இல் பசுமைக் கட்டடத்துக்கான சர்வதேச ‘எட்ஜ்’ சான்று அதற்குக் கிடைத்தது. அதைப் பெற்ற முதல் வணக்கத்தலம் அதுவே.

நம்மிடமோ, லுஹருக்கு இரண்டு ஸஃப் நிற்கும். பள்ளி முழுவதும் விசிறி சுழலும்! சூரியத் தகட்டுக்கென ஜும்ஆவில் துண்டேந்தப் புறப்படும் ஜமாஅத்தார், முதலில் ஒரு மாதம் மோட்டார் நாளுக்கு எத்தனை மணி ஓடுகிறதென்று முஅத்தினை எழுதிவைக்கச் சொல்லட்டும். ஒழுகும் குழாய்களை மாற்றிவிட்டு மறுமாதமும் எழுதட்டும். எத்தனை தகடு வாங்குவதென்பதை அந்த இரண்டாம் மாதக் கணக்கைப் பார்த்து முடிவு செய்யலாம்.